பாடி கட்டிய காலம்

(அயனம்பாக்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பேச்சு தொழில் சார்ந்ததாக இருக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டறைக்காரர்கள் என்பதால், அவர்களுக்குத் தெரிந்ததையே அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. என்னை அழைக்க வந்தவர்கள் இட்ட நிபந்தனைகள் இவை. கடைசி நிபந்தனைதான் சிக்கல். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் டூல் வரைந்தே தலை நரைத்தவன் நான். உங்களுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது? யோசித்துப் பார்த்து, நம் எஸ்டேட் ஒரு வாஷர்கூட அடித்துக் கொடுக்காத கார்களைப் பற்றிப் பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். 20-ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் தெருவுக்கு வந்த விசித்திரக் கார்கள்.

முதலில் கல்கத்தாவுக்குப் போவோம். அலிப்பூரில் ராபர்ட் நிக்கல் மாத்யூசன் என்றொரு வெள்ளைக்காரர் இருந்தார். பொறியாளர், காசுள்ளவர். இங்கிலாந்தில் லோஸ்டாஃப்ட் என்ற துறைமுக ஊரில் இருந்த ஜே.டபிள்யூ. புரூக் கம்பெனியிடம் ஒரு கார் செய்யச் சொன்னார். 1910-இல் அது கல்கத்தாத் தெருவில் இறங்கியது. காரின் முன்பக்கம் முழுக்க ஓர் அன்னப்பறவை. மரத்தில் செதுக்கிய கழுத்து, தலை, பக்கவாட்டில் இறகுகள், உடம்பெல்லாம் தங்க நிறத்தில் தாமரை வேலைப்பாடு. திருவேற்காட்டில் வாகனப் புறப்பாடு பார்த்தவர்கள், அந்த வாகனத்துக்கு அடியில் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

பறவையின் கண்களில் மின்விளக்கு எரியும். அலகு திறக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரிலிருந்து எடுத்த ஆவி அந்த அலகு வழியாகச் சீறும், எதிரே நிற்கும் கூட்டம் சிதறும். எஞ்சின் கக்கும் புகையாலேயே ஒலிக்கிற எட்டுக் குழல் ஹாரன் உண்டு, அதை வாசிக்க ஆர்மோனியம் போலக் கட்டைகளும் உண்டு. பின்சீட்டில் இருக்கும் முதலாளி டிரைவரைக் கூவி அழைக்க வேண்டியதில்லை. கப்பல் கேப்டன் எஞ்சின் அறைக்கு உத்தரவு அனுப்புவாரே, அந்த முள் நகரும் தந்திக் கருவி ஒன்று பொருத்தியிருந்தது. டயரில் அப்பும் யானைச் சாணத்தைத் துடைத்துத் தள்ள பிரஷ்கள். கடைசியாக ஒன்று, சபையில் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். பறவை எச்சமிடுவதுபோல் பின்னால் சுண்ணாம்புக் கரைசலைக் கொட்டுவதற்கு ஒரு வால்வும் வைத்திருந்தார்கள்.

ஜனங்கள் மிரண்டு ஓடினார்கள். போலீஸ் அந்தக் காரைத் தெருவில் ஓட்டக் கூடாது என்று தடுத்தது. பிறகு அது பஞ்சாபில் நாபா சமஸ்தானத்து மகாராஜாவிடம் போய்ச் சேர்ந்தது. இன்று நெதர்லாந்தில், தி ஹேக் நகரத்து லோவ்மன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பணக்காரத் திமிர் என்று ஒரே வார்த்தையில் இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். திமிர் இல்லாமல் இல்லை. ஆனால் டூல் ரூமில் இருந்தவன் கண்ணோடு பாருங்கள். தெருவில் நெரிசல் இருக்கிறது, அதற்கு ஒரு வழி. தெருவில் யானை போகிறது, அதற்கு ஒரு வழி. எஞ்சின் இரைச்சலில் பின்சீட்டுக்காரர் பேச்சு முன்சீட்டுக்குக் கேட்பதில்லை, அதற்கும் ஒரு வழி. புரூக் கம்பெனி படகு எஞ்சின் செய்துவந்த கம்பெனி. கையில் இருந்த கப்பல் சாமானை எடுத்துக் காரில் மாட்டிவிட்டது. சுண்ணாம்பு வால்வைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு தேவை இருந்தது. கார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அதுவரை யாரும் முடிவு செய்திருக்கவில்லை, அவ்வளவே.

சரி, பறவை வடிவத்தில் ஒரே ஒரு கார் செய்ய எந்தக் கம்பெனி ஒத்துக்கொள்ளும்? இன்று எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒரகடத்துக் கார் தொழிற்சாலையில் உங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்று ஒத்துக்கொண்டதற்குக் காரணம் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. விடியற்காலையில் மதுரவாயல் பைபாஸில் நின்றால், எண்ணூரிலிருந்து வரும் லேலண்ட் சேஸிஸ்களைப் பார்க்கலாம். கதவில்லை, கூரையில்லை. சட்டத்தின் மேல் எஞ்சினும் ஸ்டீயரிங்கும் மட்டும் இருக்கும். தாற்காலிகமாக முடுக்கிய ஒரு சீட்டில் டிரைவர் உட்கார்ந்து, துண்டைத் தலையோடு காதோடு இறுக்கிக் கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, முகத்தில் காற்று அறைய அறைய ஓட்டிப் போவார். கரூரிலோ வேறெங்கோ அதற்குப் பாடி கட்டுவார்கள்.

அன்றைக்குக் கார் விற்ற முறையே அதுதான். எஞ்சினும் சேஸிஸும் ஒரு கம்பெனியிடம். பாடி வேறொருவரிடம். ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி இரண்டாம் உலகப் போர் முடியும் வரை சேஸிஸ் மட்டுமே விற்றது. மேலே என்ன கட்டிக்கொள்வது என்பது வாங்குபவர் பாடு. கட்டியவர்கள் யார்? அதுவரை குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள். மரச்சட்டம் அடித்து, அதன்மேல் தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைத்துப் பொருத்துவார்கள். தச்சரும் கொல்லரும் தோல் தைப்பவரும் வண்ணம் பூசுபவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அச்சு கிடையாது, டை கிடையாது. இரண்டாவது கார் முதல் கார் போலவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பறவை கேட்டால் பறவை, பல்லக்கு கேட்டால் பல்லக்கு. சேஸிஸ் செய்வது, பாடி கட்டுவது என்ற இரண்டு வேலைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் அந்தக் காலத்து விசித்திரமெல்லாம் முளைத்தது. இன்று நான் சொல்ல வந்ததே இதுதான்.

அந்த வேலைக்குச் சென்னைப் பட்டணத்தில் பெயர் போன இடம் மவுண்ட் ரோடு சிம்சன். 1840-இல் குதிரைச் சேணம் தைப்பதும் வண்டி கட்டுவதுமாகத் தொடங்கிய ஸ்காட்லாந்துக்காரர் கடை. கவர்னருக்கும் ராஜாக்களுக்கும் கோச்சு கட்டிக் கொடுத்தது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் ஒரு நீராவிக் காரைக் கட்டி முடித்தார். இந்தியாவில் செய்த முதல் நீராவிக் கார் அது. அடுத்த சில ஆண்டுகளில் அதே கம்பெனி நீராவி பஸ்ஸும் கட்டியது. இந்தியாவில் மோட்டார் வண்டிச் சரித்திரம் எழுதுகிறவர்கள் பம்பாயில் இறங்கிய இறக்குமதிக் கார்களிலிருந்து தொடங்குகிறார்கள். வாங்கியதைவிடச் செய்ததற்கு மதிப்புக் கொடுத்தால் மவுண்ட் ரோட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஏன் நீராவி? பெட்ரோல் எஞ்சினைக் கண்ணால் பார்த்தவர்களே அன்று சென்னையில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்திருப்பார்கள். பாய்லரோ பழகிய பொருள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ஓடியபோது, அது அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் புகை கக்கிக்கொண்டு போனது. பெரம்பூரில் ரயில்வே பட்டறை அதே காலத்தில் வந்துவிட்டது. பின்னி மில்களில் நீராவி எஞ்சின். குழாய் கசிந்தால் அடைக்கவும் பிஸ்டன் வளையம் மாற்றவும் தெரிந்த ஃபிட்டர்கள் அரை நூற்றாண்டாக இந்த ஊரில் உருவாகியிருந்தார்கள். இன்னொன்று, பெட்ரோல் அன்று அபூர்வம், மண்ணெண்ணெய் குக்கிராமத்துப் பெட்டிக்கடையிலும் கிடைத்தது. நீராவிக் காரின் பர்னருக்கு மண்ணெண்ணெய் போதும்.

நீராவிக் கார் என்றதும் சிறு ரயில் எஞ்சினைப் போல நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஸ்டான்லி சகோதரர்கள் செய்த கார்களில் பாய்லர் ஒரு பெரிய அண்டா அளவுதான். கியர் இல்லை, கிளட்ச் இல்லை. த்ராட்டிலைத் திறந்தால் சத்தமில்லாமல் நகரும், நின்ற நிலையிலேயே முழு இழுவையும் கிடைக்கும். 1906-இல் ஃப்ளோரிடாக் கடற்கரையில் ஃப்ரெட் மாரியட் ஸ்டான்லி நீராவிக் காரை மணிக்கு 205 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். குறை வேறிடத்தில். காலையில் ஆவி ஏறும் வரை அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், வழியில் அடிக்கடி தண்ணீர் பிடிக்க வேண்டும். தண்ணீர் உப்பாக இருந்தால் பாய்லர் என்ன ஆகும் என்று நம் பக்கத்து போர் தண்ணீரில் கீசர் வைத்திருக்கிறவர்களிடம் கேளுங்கள். பெட்ரோல் காரிலோ கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. எஞ்சின் உதைத்தால் கை முறிந்துவிடும். 1912-இல் கேடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும் அந்தப் பயம் போயிற்று. அதோடு நீராவியும் ஒதுங்கத் தொடங்கியது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. சென்னையில் எம்.சி. 1 என்ற பதிவு எண் வாங்கிய கார் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது. துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர். தம் கீழே குமாஸ்தாவாக வேலை பார்த்த கணித மேதை ராமானுஜனுக்கு ஆதரவாக நின்றவர். எம்.சி. 3 கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருடையது, பிரெஞ்சுக் கார். இந்த ஊரில் முதலில் கார் வைத்திருந்த இந்தியர் அவர். ராமானுஜன் கடைசி நாட்களைக் கழித்ததும் 1920-இல் காலமானதும் சேத்துப்பட்டில் செட்டியாருடைய வீட்டில்தான். எண்களோடு வாழ்ந்த மனிதரின் இரண்டு முனைகளிலும் இப்படி இரண்டு நம்பர் பிளேட்டுகள் வந்து நிற்கின்றன. இதற்கும் இன்றைய தலைப்புக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மின்சாரத்துக்கு வருவோம். இன்று மின்சார வண்டியைப் புதுமை என்கிறார்கள். 1895-இலேயே சென்னைத் தெருவில் மின்சார டிராம் ஓடியது, இந்தியாவிலேயே முதலாவதாக. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர் வியன்னாவின் லோனர் வண்டிக் கம்பெனிக்காகச் செய்த மின்சாரக் காரைக் காட்டினார். முன்சக்கரங்களின் நடுவிலேயே மோட்டார். செயின் இல்லை, கியர் பெட்டி இல்லை. இன்று நம் தெருவில் சத்தமில்லாமல் வந்து நம்மைத் திடுக்கிட வைக்கும் மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றில் பின்சக்கரத்துக்குள் மோட்டார் இருக்கிறதே, அதே யோசனை. லோனரும் குதிரை வண்டி கட்டிய கம்பெனி என்பதைக் கவனியுங்கள். நாபா மகாராஜாவும் தன் அன்னத்துக்கு ஒரு குஞ்சு செய்து வைத்துக்கொண்டார். பெரிய பறவை போலவே சின்னதாக ஒன்று, மின்சாரத்தில் ஓடுவது. தாயும் குஞ்சும் இப்போது ஒரே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ராஜாக்களின் கார்கள் பற்றி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன, நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஹைதராபாத் நிஜாம் மஹபூப் அலிகான் அரியணை வைத்த மஞ்சள் ரோல்ஸ்-ராய்ஸ் ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, அது வந்து சேர்வதற்குள் 1911-இல் இறந்துபோனார். அடுத்து வந்த நிஜாம் அதை ஓட்டியதைவிட நிறுத்தி வைத்ததே அதிகம். கோட்டா மகாராஜா உமேத் சிங் 1925-இல் புலி வேட்டைக்கென்றே ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் கட்டச் சொன்னார். பெரிய தேடுவிளக்குகள், துப்பாக்கி வைக்கத் தாங்கிகள் எல்லாம் அதில் உண்டு. இரண்டுக்கும் லண்டன் பார்க்கர் கம்பெனிதான் பாடி கட்டியது. எனக்கு இவற்றில் பெரிய ஈடுபாடு இல்லை. அன்னப்பறவையில் இருந்த மூளை இவற்றில் இல்லை, வெறும் பணம்தான் தெரிகிறது.

எனக்குப் பிடித்தவர்கள் வேறு ரகம். மில்டன் ரீவ்ஸ் என்று ஓர் அமெரிக்கர், இண்டியானா மாநிலத்துக்காரர். ரயில் பெட்டி குலுங்காமல் போகிறது, கார் மட்டும் ஏன் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று யோசித்தார். ரயில் பெட்டிக்குச் சக்கரம் அதிகம், பாரம் பிரிந்து இறங்குகிறது. ஆகவே 1911-இல் ஓவர்லேண்ட் காரொன்றை நீட்டி, முன்னால் நான்கு, பின்னால் நான்கு என எட்டுச் சக்கரம் மாட்டினார். நீளம் 20 அடிக்கு மேல், விலை 3,200 டாலர். ஒருவர்கூட வாங்கவில்லை. மனம் தளராமல் அடுத்த ஆண்டு இரண்டு சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஆறு சக்கரத்தில் ஒன்று செய்தார். அதுவும் போகவில்லை. பழைய படங்களைப் பார்க்கிறவர்கள் மரவட்டை மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பன்னிரண்டு சக்கரம், பதினாறு சக்கரம் வைத்த லாரிகள் கண்டெய்னர் ஏற்றிப் போகும்போது யாரும் சிரிப்பதில்லை. ரீவ்ஸின் கணக்கில் பிழை இல்லை. நான்கு பேர் உட்கார்ந்து போக அவ்வளவு டயர் தேவையில்லை என்பதுதான் விஷயம். டயர்தான் அன்று காரிலேயே சீக்கிரம் தேய்ந்து செலவு வைத்த சாமான்.

பிரான்சில் மார்சல் லெயா. விமான எஞ்சினியர். சக்கரத்துக்கு ஏன் விசை கொடுக்க வேண்டும், காற்றைத் தள்ளினால் போதாதா என்று கேட்டார். மூக்கில் மரக் காற்றாடி சுற்றும், பின்சக்கரங்களால் திசை திருப்ப வேண்டும், உடம்பு மெல்லிய ஒட்டுப்பலகை. 1919 முதல் சில ஆண்டுகளில் சுமார் 30 வண்டி செய்தார். கிளட்ச், கியர், டிஃபரன்ஷியல் என்று எதுவுமே இல்லாததால் எடை குறைவு, ரிப்பேரும் குறைவு. அவற்றில் ஒன்று 1927-இல் பாரிஸுக்குப் பக்கத்துப் பந்தயத் தளத்தில் மணிக்கு 170 கி.மீ. தொட்டது. ஆடும் மாடும் குறுக்கே வரும் நம் ஏரிக்கரைச் சாலையில் காற்றாடியை முன்னால் வைத்த கார் என்ன செய்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். பியோத்தர் ஷிலோவ்ஸ்கி என்ற ரஷ்யர் இரண்டே சக்கரத்தில், உள்ளே பெரிய பம்பரம் ஒன்றைச் சுழலவிட்டு விழாமல் நிற்கும் காரை 1914-இல் லண்டன் தெருவில் ஓட்டிக் காட்டினார். உலகப் போர் வந்தது, கார் மண்ணுக்குள் புதைந்தது. உருவகமாகச் சொல்லவில்லை. அதைச் செய்த வுல்ஸ்லி கம்பெனி நிஜமாகவே புதைத்து வைத்தது, பல ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்துப் பிறகு உடைத்தும் போட்டது.

இவர்களில் எல்லாம் எட்மண்ட் ரூம்ப்ளரை நினைத்தால்தான் எனக்கு மனம் சங்கடப்படும். அவரும் விமானம் செய்தவர். 1921 பெர்லின் கண்காட்சியில் அவர் வைத்த கார் மேலிருந்து பார்த்தால் நீர்த்துளி வடிவம். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் கூர்ந்து ஒடுங்கும். எஞ்சின் பின்னால். டிரைவர் நடுவில் தனியாக, முன்னால். 1979-இல் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி அந்த ரகப் பழைய கார் ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தது. காற்று எதிர்ப்பு எண் 0.28 என்று வந்தது. அந்த ஆண்டு ஷோரூமில் நின்ற புதுக் கார்களில் பெரும்பாலானவை அதைத் தொடவில்லை. ஆனால் 1921-இல் அந்தக் காரை வாங்கியவருக்கு வேண்டியது வேறு. பெட்டி படுக்கை வைக்க இடமில்லை, எஞ்சின் சூடேறியது, ஸ்டீயரிங் தகராறு செய்தது. சுமார் 100 கார்தான் செய்தார்கள். நிறைய பெர்லினில் டாக்சியாக ஓடின. மிஞ்சியவற்றில் சில ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' படத்தில் எதிர்காலத்துக் கார்களாக நடித்து, அதே படத்துக்காக எரிந்தும் போயின. காற்றைச் சரியாகக் கணக்கிட்டவர் பெட்டியை எங்கே வைப்பது என்று கணக்கிட மறந்துவிட்டார்.

இந்த ஆட்டமெல்லாம் எப்படி நின்றது? ஃபோர்டு நிறுத்தினார் என்பது பள்ளிக்கூடப் பதில். 1908-இல் மாடல் டி, 1913-இல் நகரும் அசெம்பிளி லைன், ஒரு சேஸிஸ் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது, 1927 வரை ஒன்றரைக் கோடிக் கார். எல்லாம் சரி. ஆனால் சேஸிஸை எவ்வளவு வேகமாகப் பூட்டினாலும் மேலே மரச்சட்டப் பாடியை ஏற்றுகிற வரை வேலை தச்சர் கையில்தான் இருந்தது. பெயின்ட் காய்வதற்கே வாரக் கணக்காகும். வார்னிஷ் ஒரு கோட் அடித்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி ஒரு கோட். சூளையில் வைத்துச் சீக்கிரம் காயவைக்கலாமே என்றால் மரம் கோணிவிடும்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஃபிலடெல்ஃபியாவின் எட்வர்ட் பட். 1912-இல் கம்பெனி தொடங்கி, 1914-இல் டாட்ஜ் சகோதரர்களின் காருக்கு முழுக்க எஃகிலேயே பாடி செய்து கொடுத்தார். தகட்டை டையில் வைத்து அழுத்தி, துண்டு துண்டாக வெல்டு செய்து, எனாமல் அடித்துச் சூளைக்குள் தள்ளிவிடலாம். மரம் இல்லை, கோணல் இல்லை. சில மணி நேரத்தில் பெயின்ட் வெந்து இறுகிவிடும். என்னைக் கேட்டால், அசெம்பிளி லைனைவிடப் பெரிய காரியம் இதுதான். ஃபோர்டு பெயரைத் தெரிந்தவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட பட் பெயர் தெரியாது.

இங்கே உட்கார்ந்திருக்கும் பிரஸ் ஷாப்காரர்களுக்கு மிச்சக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மட்கார்டுக்கு டை போடுகிறீர்கள். டையின் விலை ஒரு மட்கார்டு அடித்தாலும் அதே, ஒரு லட்சம் அடித்தாலும் அதே. லட்சம் அடித்தால்தான் போட்ட காசு திரும்பும். டை போட்ட பிறகு வளைவை மாற்று என்று யாராவது வந்து நின்றால் நம் முகம் எப்படிப் போகும்? எஃகுத் தகடு டைக்குள் போன அன்றைக்கே அன்னப்பறவைக்கு வேலை போய்விட்டது. நான் வரைந்த டைகளிலும் அப்படித்தான். மூலையின் ஆரத்தைக் கொஞ்சம் குறைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று தோன்றும். குறைத்தால் தகடு அந்த இடத்தில் மெலிந்து கிழியும். அப்படியே விட்டுவிடுவோம். ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் இன்று வித்தியாசம் தெரியவில்லை என்று பேரன் பேத்திகள் சொல்லும்போது, பாதிக் காரணம் தகடு எவ்வளவு இழுபடும் என்பதுதான். 1960-களில் பாடியிலும் அம்பத்தூரிலும் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்கு ஜாப் ஒர்க் செய்ய எஸ்டேட் வந்தது. நம் சோறு பட் போட்ட பாதையில் வந்த சோறு. நன்றி மறக்கக் கூடாது. மாத்யூசன் போட்ட பாதையில் வந்திருந்தால் நாமெல்லாம் பட்டினிதான்.

ஆனால் கார் இப்படி மாறிய பிறகும் தமிழ்நாட்டில் பஸ் மாறவில்லை. 1920-களில் மாவட்டங்களில் ஓடிய பஸ்கள் வெளிநாட்டுச் சேஸிஸ் மேல் உள்ளூர்த் தச்சர் மரத்தில் கட்டியவை. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மழைக்குக் கித்தான் திரை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது இதே கைகள்தான் ஒவ்வொரு பஸ்ஸின் பின்னாலும் ஒரு கரி அடுப்பைக் கட்டி ஏற்றின. மதுரை டி.வி.எஸ். கம்பெனி அதற்கென்று கேஸ் பிளாண்ட் தயாரித்து விற்றது. கரியைப் போதிய காற்று விடாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதுவே எரிபொருள். காலையில் கண்டக்டர் கைப்பிடியைச் சுற்றி ஊதுவிசிறியால் கனலை மூட்ட வேண்டும். அந்தப் புகையைக் குளிர்வித்து, வடிகட்டி, எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். இழுவை வெகுவாகக் குறைந்துவிடும், மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கி நடப்பார்கள். விசித்திர வண்டி என்று யாரும் அதைப் படம் எடுத்து வைக்கவில்லை, அருங்காட்சியகத்தில் ஏற்றவில்லை. லெயாவின் காற்றாடிக் காரைவிட எத்தனையோ மடங்கு பேரைச் சுமந்த வண்டி அது.

முடிக்கும் முன் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோவை ஜி.டி. நாயுடு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை விட்டுத் தொடங்கியவர். பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி, ரேசர், ரேடியோ, மோட்டார் என்று அவர் கை வைக்காத பொருள் இல்லை. 1952-இல் அவர் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். தயாரிக்க அரசு அனுமதி தரவில்லை, அதோடு நின்றது. அடுத்த ஆண்டு மத்திய அரசு, இங்கேயே பாகங்கள் செய்யத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் கார் தொழிலில் இருக்கலாம் என்று சொல்ல, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. கல்கத்தா ஹிந்துஸ்தான், பம்பாய் பிரீமியர், சென்னை ஸ்டாண்டர்ட் ஆகியவற்றின் கார்களே பல பத்தாண்டுகளுக்கு நம் தெருவில் ஓடின. கோவை அவிநாசி சாலையில் நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. எஸ்டேட் ஆட்கள் ஒருமுறை வேன் வைத்துப் போய் வரலாம்.

அனுமதி மட்டும் கிடைத்திருந்தால் அந்தக் கார் வீட்டுக்கு வீடு ஓடியிருக்கும் என்பது நாம் எல்லோரும் வழக்கமாகப் பேசுவது. நான் அதை முழுக்க நம்பவில்லை. பாடியைக் கையால் தட்டிக் கட்டினால் 2,000 ரூபாய்க்குக் கட்டுப்படி ஆகாது. பிரஸ்ஸில் அடித்தால் விலை அதற்குள் அடங்கும், ஆனால் டைக்கான காசு திரும்ப ஆண்டுக்குப் பல ஆயிரம் கார் விற்க வேண்டும். 1952-இல் 2,000 ரூபாய் கையில் வைத்திருந்த அத்தனை குடும்பங்கள் கோவையில் இருந்தனவா, ஏன், சென்னையிலேயே இருந்தனவா? கதவுகளைத் தட்டையாக வைத்து, வளைவே இல்லாமல் ஷீட்டை மடித்துப் பாடி செய்திருந்தால் டைச் செலவு பெரிதும் மிஞ்சியிருக்கும், அப்போது கணக்கு வேறு மாதிரி வரும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அப்படி ஒரு மடிப்புப் பாடியைத் தாளில் வரைந்தும் பார்த்தேன். பிரஸ் பிரேக் ஒன்றும் வெல்டர் இரண்டு பேரும் இருந்தால் முடியும் போலத்தான் தெரிகிறது. வரைபடம் பையில் இருக்கிறது. ஷீட் மெட்டல் தெரிந்தவர்கள் தேநீர் நேரத்தில் வந்து பாருங்கள். ஓரத்தில் ஃபிளாஞ்ச் எவ்வளவு விட வேண்டும் என்பதில் எனக்கே இன்னும் சந்தேகம் தீரவில்லை.